கைராசிக்காரி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிள்ளை. உங்கள் கோட்டின் இடப்பக்கத் தோள் சற்று இறங்கியிருக்கிறது. கடையில் தைத்து விற்பதெல்லாம் அப்படித்தான். செவன் கிங்ஸ் பக்கம் வந்தால் கொண்டு வாருங்கள், சின்ன வேலை, காசு கீசு வேண்டாம். இதை விசாரிக்கிற அதிகாரி பீற்றருக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. பாவம் மனிசன், பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் எப்போது அழத் தொடங்குவேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கண் துடைக்க ரிசுப் பெட்டி வேறு. நான் அழப்போவதில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள். போன வருடத்திலிருந்து எனக்கு ஒரே சிரிப்பு. பஸ்ஸில் தனியே போகும்போதும் பொத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கிற சனம் மெல்ல எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விடும்.

என் பெயர்தான் உங்களிடம் இருக்கிறதே, ஜெயகௌரி. தொழில் சாறிச் சட்டை தைப்பது. அப்டன் பார்க்கில் இரண்டு சாறிக் கடைக்காரர்கள் கலியாணப் பெண்களை நேரே என்னிடம்தான் அனுப்புவார்கள். கௌரியக்கா வெட்டின சட்டையோடு மணவறை ஏறினால் அந்தக் கலியாணம் நிலைக்கும் என்று ஒரு கதை உலாவுகிறது. நான் கிளப்பிவிட்ட கதை இல்லை, தானாகக் கிளம்பினது. நான் மறுத்ததும் இல்லை. சனம் கைராசி என்று சொல்லும்போது இல்லையென்று வாதாட எனக்கு என்ன விசரா.

அந்தக் கைராசியில் எல்லாரையும்விட நம்பிக்கை வைத்தவன் என் தம்பி சிவதர்ஷன். நீங்கள் இன்றைக்கு விசாரிக்கிற வங்குரோத்து அவனுடையதுதான். கடனைக் கட்ட வழியில்லை என்று ஒருவன் சட்டப்படி கையை விரித்துவிட்டால், கடன்காரர் பிறகு அவனைத் தொடமுடியாது. அவனிடம் உள்ளதையெல்லாம் உங்கள் அலுவலகம் பொறுப்பெடுத்துப் பார்க்கும். அவ்வளவுதானே. பீற்றர் தலையாட்டுகிறார். பரவாயில்லை, நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

நானும் என் கணவரும் முதலில் ஜேர்மனியில் இருந்தோம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் தனியே கிடந்தேன். குசினியில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். மேசையில் இருந்தால் எதிர்க் கதிரை கண்ணில் படும், அதனால்தான். பிறகு தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். மீசை முளைக்காத வயது. வந்த அன்றைக்கு நான் ஆக்கின கோழிக்கறியை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். நானும் அன்றைக்குத்தான் கதிரையில் இருந்து சாப்பிட்டேன். இதைப் பீற்றருக்கு வடிவாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். ஏன் செய்தாய் என்று அவர் பிறகு கேட்பார், இதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

இரண்டு பேரும் லண்டனுக்கு வந்தோம். தம்பி பஸ் ஓட்டப் போனான், மயூராவைக் கட்டினான், கோசிகா பிறந்தாள். வாடகை வீடுகளிலும் நான் அவர்களோடுதான். வருடப்பிறப்புக்கு முதல் காசு, கைவிசேஷம், என் கையால்தான் வாங்குவான். லைசென்ஸ் சோதனைக்குப் போகும்போது என்னிடம் ஒரு பவுண் நாணயக் குற்றி வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான், பாஸ் பண்ணினான். இடையில் ஒரு தடவைதான் என் கையால் தொடங்காமல் ஒரு காரியம் செய்தான். நான் சுகமில்லாமல் கிடந்த கிழமையில் கூட்டாளியோடு சேர்ந்து ரோல்ஸும் பற்றிஸும் விற்கிற கடை ஒன்றைத் திறந்தான். அது வருடம் திரும்பமுதல் படுத்துவிட்டது, கடன் மட்டும் எழும்பி நின்றது. அதற்குப் பிறகு அவனுக்கு என் கையில் இருந்த நம்பிக்கை இரட்டிப்பாகிவிட்டது.

விலையெல்லாம் உச்சத்தில் இருந்த நேரம் செவன் கிங்ஸில் வீடு வாங்கினோம். முற்பணம் என் கணவரின் காப்புறுதிக் காசு. சம்பளச் சிட்டை தம்பியுடையது, தையல்காரிக்கு எவன் கடன் தருவான். வீடு இரண்டு பேர் பெயரிலும் பாதிப் பாதி. மேலே ஓர் அறை போட வேறு கடன் எடுத்தோம். மாதக் கட்டுக்காசு, அவன் பங்கும் என் பங்கும் சேர்த்து, என் பாங்க் கணக்கிலிருந்து கடன் தந்த கொம்பனிக்குப் போகும். தம்பி சம்பளம் எடுத்ததும் காசை மெஷினில் எடுத்து, சாமித் தட்டுக்கு முன்னால் என் கையில் வைப்பான். மயூரா கெட்டிக்காரி, தொடக்கத்திலேயே கேட்டாள்.

"ஏன் மச்சாள் இந்தக் காசை எடுத்துக் குடுக்கிற வேலை. அவற்ற எக்கவுண்டில இருந்து நேரா கொம்பனிக்குப் போகச் செய்யலாம்தானே."

"உனக்கு உது விளங்காது," என்றான் தம்பி. "அக்கான்ர கையால போனாத்தான் வீடு எங்களுக்கு நிலைக்கும்."

நான் கையை நீட்டினேன். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிள்ளை, உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது செய்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த வீட்டில் நாங்கள் நன்றாக இருந்தோம். கோசிகா பள்ளிக்கூடத்தால் வந்து என் தையல் மேசைக்குக் கீழே இருந்து வீட்டுப்பாடம் செய்வாள், விழுகிற மணியெல்லாம் பொறுக்கிச் சிரட்டையில் போடுவாள். நாலு கதிரை, நாலு கோப்பை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்க்காமல் கதைத்தான்.

"அக்கா, கென்ற் பக்கம் புது வீடு கட்டுறாங்கள். மயூரான்ர வேலையும் அங்க மாறுது. இந்த வீட்டை வித்து என்ர பேரைக் கழட்டினாத்தான் அங்க கடன் தருவாங்களாம். உங்களுக்கும் ஒரு சின்ன ஃபிளாட் பாப்பம், ஸ்ரேசனுக்குக் கிட்டவா."

"நல்ல விஷயம்தானே தம்பி," என்றேன். "இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டே."

உண்மையாகவே பருப்பு விட்டேன்.  பிறகு கறிச்சட்டியோடு குசினிக்குத் திரும்பினேன். ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு சின்ன ஃபிளாட், அதில் ஒரு குசினித் தொட்டி. எனக்கு அந்தத் தொட்டியின் நிறம் வரை தெரிந்தது.

அடுத்த சம்பளத்துக்குத் தம்பி காசைக் கையில் வைத்தான். கண்ணில் ஒற்றினேன். பிறகு பாங்குக்குப் போகாமல் தையல் மெஷின் பெட்டிக்கு அடியில், பழைய லைனிங் துணிக்குள் சுற்றி வைத்தேன். கொம்பனிக்குக் கட்டுக்காசு போகாதபடி பாங்குக்கும் சொல்லிவிட்டேன். எடுத்தேன் என்று எழுதவேண்டாம் என்று பீற்றரிடம் சொல்லுங்கள். வைத்தேன். அதில் ஒரு சதத்தைக்கூட நான் எனக்கென்று தொட்டதில்லை. அடுத்த மாதமும் வைத்தேன், அதற்கடுத்த மாதமும் வைத்தேன்.

அப்போதுதான் இந்தச் சிரிப்பு தொடங்கியது. எப்படிச் சொல்வது, களவாகச் சீனி தின்ற பிள்ளை மாதிரி எனக்கு உடம்பெல்லாம் கூச்சம். சட்டைக்குக் கொக்கி வைக்கும்போது பாட்டு வந்தது. கோசிகாவும் நானும் சமையலறையில் ஆடினோம். "மாமி இஸ் சோ ஃபனி" என்று அவள் கூட்டாளிகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள். கொம்பனியிலிருந்து ஒரு பெடியன் போன் எடுப்பான். வீட்டிலிருந்து தைக்கிறவள் என்பதால் போனும் எனக்குத்தான், தபாலும் எனக்குத்தான். நான் அவனுடைய அம்மாவின் சுகம் கேட்பேன். கடைசியில் அவன் வருத்தத்தோடு, மாடம், இது கோர்ட்டுக்குப் போகப்போகிறது என்றான். போகட்டும் மகன் என்று நான்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

கோர்ட்டுக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுச் சாறி கட்டிக்கொண்டு போனேன். நீதவான் ஒரு பெண்மணி, நல்ல மனிசி, என் சாறிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலுவையைத் தவணையில் கட்டுங்கள், தவறினால் வீடு கொம்பனிக்கு என்றார். ஓம் என்று தலையாட்டினேன். வரும் வழியில் ஜிலேபி வாங்கினேன். என்ன விசேஷம் என்று தம்பி கேட்டான். ஒன்றுமில்லை, ஆசையாக இருந்தது என்றேன். நாலு பேரும் இருந்து தின்றோம். தவணை எதுவும் நான் கட்டவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லித் திகதி வந்த பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

வட்டி ஏறிவிட்டது, என் தையலும் படுத்துவிட்டது, என் பங்கு போதாமல் போனதால் கட்டுக்காசு சேரவில்லை, உனக்குக் கவலை தரக்கூடாது என்று மறைத்தேன், அபராதத்துக்கு மேல் அபராதம் ஏறிவிட்டது என்றேன். அப்போது அழுதேன், அது நடிப்பில்லை, பயத்தில் வந்த அழுகைதான். அவன் ஏசுவான் என்று நினைத்திருந்தேன். அவன் என் பக்கத்தில் நிலத்தில் குந்திக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

"அழாதேங்கோ அக்கா. எல்லாம் என்னாலதான். நான் அந்தக் கடையைத் திறக்காட்டி இவ்வளவும் வந்திருக்காது."

அந்த நேரம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது. பிறகு அவன் எழும்பித் தேத்தண்ணீர் போட்டுத் தந்தான், இஞ்சி போட்டு, நல்ல சாயத்தோடு. குடித்தேன், சரியாகிவிட்டது.

வங்குரோத்து விஷயம் எனக்கு ஒரு கலியாணப் பெண்ணின் தாய் சொன்னது. அளவெடுக்கும்போது பெண்கள் டொக்டரிடம் சொல்லாததையும் சொல்வார்கள். அவளுடைய மனிசன் வங்குரோத்து ஆனதும் வீட்டில் அவருக்கு இருந்த பாதி அரசாங்க அதிகாரி கைக்குப் போனதாம். வீட்டு விலையும் கடனும் சரிக்குச் சரி, விற்றாலும் ஒன்றும் மிஞ்சாது, ஆகவே அந்தப் பாதியை அதிகாரி மனைவிக்கே சும்மா மாதிரி ஒரு விலைக்குக் கொடுத்துவிட்டாராம். நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, கேட்டுக்கொண்டே இடுப்பளவை எழுதினேன். எங்கள் வீடும் அதே கணக்குத்தான். உச்ச விலை, இரண்டு கடன், பிறகு நான் சேர்த்துவிட்ட நிலுவை.

தம்பிக்குச் சொன்னபோது அவன் முகம் கறுத்துவிட்டது.

"வங்குரோத்தோ? சனம் என்ன கதைக்கும் அக்கா?"

"சனம் வந்து கட்டுக்காசு கட்டுமே? கடைக் கடனும் அதோட போயிடும். உன்ர பாதியை நான் எப்பிடியும் வாங்கி வீட்டைக் காப்பாத்துறன். என்ர நகை கிடக்குது, விக்கிறன்."

மயூரா குசினி வாசலில் நின்றாள். "அப்ப கென்ற் வீடு?" என்று கேட்டாள். "வங்குரோத்து எண்டா ஆறு வருஷத்துக்கு எங்கயும் பதிவில நிக்குமாம் மச்சாள். எங்களுக்கு ஒருத்தரும் வீட்டுக் கடன் தரமாட்டினம்."

"ஆறு வருஷம் ஓடிடும் பிள்ளை," என்றேன். "அதுவரைக்கும் இந்த வீடு ஆற்ற வீடு? உங்கட வீடுதானே."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அப்போதே ஏதோ தட்டியிருக்கவேண்டும். ஆனால் வெளியே நிற்கவேண்டிய திகதி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது, கையில் வேறு வழியும் இல்லை. வழி இல்லாமல் நான் பார்த்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

விண்ணப்பமெல்லாம் இப்போது கொம்பியூட்டரில்தானே. தம்பி எல்லாக் கேள்விக்கும் உண்மையாகவே பதில் எழுதினான். உன்னிடம் எங்கேயாவது காசு இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று எழுதினான். அவனுடைய காசு அப்போது அவனுக்குப் பின்னால், மெஷின் பெட்டிக்கு அடியில் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. பீற்றர் இதைக் கோடு போட்டு எழுதிக்கொள்ளட்டும், என் தம்பி ஒரு பொய்யும் சொல்லவில்லை. கடைசியில் அனுப்புகிற பொத்தான் வந்தது. அவன் விரலை வைத்தான், எடுத்தான், வைத்தான், எடுத்தான். பிறகு கதிரையை என் பக்கம் திருப்பினான்.

"அக்கா, நீங்களே அமத்துங்கோ. உங்கட கையால நடந்தா எனக்கு நல்லதாத்தான் முடியும்."

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு, வலது கைச் சுட்டு விரலால் அமத்தினேன்.

அதற்குப் பிறகு வந்த கிழமையைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வேன், பிள்ளை. வங்குரோத்து உத்தரவு வந்த அன்றைக்கு எல்லாரும் செத்த வீடு மாதிரி இருப்போம் என்று நினைத்தோம். தம்பி வாசித்துவிட்டு எழும்பினான். பிறகு தன் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டி, "அக்கா, என்னட்டை இனி ஒண்டுமே இல்லை, காத்து மட்டும்தான்" என்றான். கோசிகா முதலில் சிரித்தாள். பிறகு மயூரா. பிறகு நாலு பேருக்கும் அடக்க ஏலவில்லை. கடன்காரர் போன் எடுத்துத் தொல்லை தராத வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேசரி கிண்டினேன். தம்பி பஸ்ஸில் பயணிகளுக்கு அறிவித்தல் சொல்கிற குரலில், இந்த வீடு இத்தோடு வங்குரோத்து, எல்லாரும் இறங்கவும் என்றான். சிரித்துச் சிரித்து மயூராவுக்கு விக்கல் எடுத்துவிட்டது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் இருந்ததில்லை. என் கலியாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மிச்சம் நான் நினைத்தபடியே நடந்தது. தம்பியின் பாதியை உங்கள் அலுவலகம் எனக்குக் கொடுத்தது, லோயர் செலவோடு பார்த்தால் ஒரு கூறைச் சாறிக் காசு. காலி பண்ணுகிற திகதிக்கு முன்னமே கொம்பனியின் நிலுவையையும் கட்டிவிட்டேன். காசு ஏது என்று கேட்டீர்கள், அட்டியலையும் பதக்கத்தையும் விற்றேன் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய். மெஷின் பெட்டிக் காசுதான் முழுக்க, கூடவே என் தையல் காசு கொஞ்சம். தம்பியின் காசால் தம்பியின் வீட்டை வாங்கி என் பெயருக்கு மாற்றினேன். ஒற்றை வசனத்தில் சொன்னால் அவ்வளவுதான். பீற்றர் இவ்வளவு கடதாசி கட்டி வைத்திருக்கத் தேவையில்லை.

வீடு தப்பியது என்று தெரிந்ததும் தம்பி என் காலில் விழுந்தான். தாலிகட்டுக்கு வந்த நகையை எங்களுக்காக வித்திட்டியளே என்று மயூராவும் அழுதாள். கோசிகா தன் உண்டியலை உடைத்து, மாமிக்கு என்று ஒரு பிளாஸ்ரிக் முத்துமாலை வாங்கி வந்தாள். எனக்கு வெட்கமாகவா இருந்தது என்று கேட்கிறீர்களா. இல்லை. நாலு பேர் என்னைச் சுற்றி நின்றது போல இருந்தது, மூன்று பேர்தான், ஆனாலும் வீடு நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு தம்பி மாதாமாதம் வாடகை என்று காசு தருவான், சாமித் தட்டுக்கு முன்னால், என் கையில். கென்ற் கதை ஒருவரும் எடுக்கவில்லை. வீட்டுக் கடன் கிடைக்காதவன் எங்கே போவான்.

சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. தெரிந்த பெண் ஒருத்தியின் கலியாணம், சட்டை என் கையால் தைத்தது. அவசர அவசரமாக உடுத்தும்போது எனக்கு நானே பாடிக்கொண்டு, அலுமாரியில் சாறிகளுக்கு அடியில் கிடந்த அட்டியலை எடுத்துப் போட்டுக்கொண்டேன். விற்றுவிட்டேன் என்று சொன்ன அதே அட்டியல். மறந்தே போனேன், பிள்ளை. கழுத்து வெறுமையாக இருந்தது, கை தானாகப் போய் எடுத்தது. மண்டபத்தில் மயூரா எனக்கு எதிரே இருந்து பாயாசம் குடித்தாள். கப்பை வாயில் வைத்தபடி என் கழுத்தைப் பார்த்தாள்.  பாயாசத்தைக் குடித்து முடித்துவிட்டுத் தம்பியிடம் போய்க் காதுக்குள் கதைத்தாள்.

காரில் வரும்போது தம்பி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தான்.

"அக்கா, அந்த அட்டியல்..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தப் பார்த்தேன், ஏலவில்லை. முந்தானையை வாயில் அடைத்தேன், அதற்கும் நிற்கவில்லை. நான் சிரிக்கிறேன் என்று கோசிகாவும் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் நான் கதைத்துக்கொண்டே வந்தேன். மெஷின் பெட்டி, லைனிங் துணி, மயில்கழுத்துச் சாறி, ஜிலேபி, கலியாணப் பெண்ணின் தாய், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு இலேசாகிக்கொண்டே வந்தது. எவ்வளவு கெட்டித்தனமாகச் செய்திருக்கிறேன் என்று அவர்களுக்கும் தெரியவேண்டும்தானே. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், நான் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். கோசிகா யன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

விடிந்ததும் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு பிளேஸ்டோவுக்குப் போய்விட்டார்கள். மயூராவின் கூட்டாளி தாரகா வீட்டில் ஒரு சின்ன அறை, மூன்று பேரும் அதற்குள். கோபம்தான், ஆறிவிடும். தம்பிக்கு என்னோடு நாலு நாளுக்கு மேல் கோபம் நிற்காது. இப்போது ஒரு மாதத்துக்கு மேலாகிறது, ஆனால் அவனுக்கு ஷிப்ட் அப்படி.

ஓம், செய்தது பிழை என்று விளங்குகிறதா என்று பீற்றர் கேட்கிறார். சட்டப்படி பிழை. அவனுடைய காசை ஒளித்தேன், உங்களுக்குப் பொய் எழுதித் தந்தேன், கோர்ட்டை ஏமாற்றினேன். எங்கே ஒப்பமிட வேண்டும் என்று காட்டுங்கள், இடுகிறேன். வீட்டைத் திரும்ப எடுக்கப்போகிறீர்கள் என்றால் எடுங்கள். மயூரா முறைப்பாடு செய்திருக்காவிட்டால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஆனாலும் அவளில் எனக்குக் கோபமில்லை. கட்டிக்கொண்டு வந்தவள்தானே.

என்ன கடதாசி இது. முறைப்பாட்டுக்குக் கீழே இருக்கிற ஒப்பமா. ஓம், இது சிவதர்ஷனின் ஒப்பம்தான். அந்தக் கடைசிச் சுழியைப் பாருங்கள், எவ்வளவு வடிவாகப் போட்டிருக்கிறான். ஜேர்மனியில் குசினி மேசையில் வைத்து நான்தான் பழக்கினேன். மயூரா சொல்லச் சொல்ல எழுதியிருப்பான். பாவம், நல்ல சோர்வாக இருந்திருப்பான். ரிசு எனக்கு வேண்டாம் பிள்ளை, பெட்டியை அந்தப் பக்கம் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன், பிறகு ஒளித்தேன் என்று வரக்கூடாது. பிளேஸ்டோவில் தம்பி வாடகைக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறான். இன்றைக்குப் பின்னேரம் கதவுத் திறப்பை வாங்கிக் குடிபோவதாக இருந்தது. அந்த ஃபிளாட்டின் சொந்தக்காரர் செல்வரத்தினம் அண்ணை காலமை எனக்குப் போன் எடுத்தார். முன்னர் இருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் விசாரிப்பது இங்கே வழக்கம்தானே. செவன் கிங்ஸ் வீட்டுச் சொந்தக்காரி இப்போது நான்தான். நல்ல மாதிரி ஆக்களோ தங்கச்சி, ஒழுங்காகக் காசு தருவினமோ என்று கேட்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பெடியன் தங்கமான பெடியன் அண்ணை, ஆனால் வங்குரோத்து ஆனவன், அவன் பெயரில் இருந்த வீட்டுக்கே மாதக்கணக்காகக் காசு போகவில்லை என்று கோர்ட் சொல்லியிருக்கிறது, யோசித்துச் செய்யுங்கோ என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

ஆகவே கெதியாக முடித்துவிடுங்கள், பிள்ளை. தாரகா வீட்டிலும் எத்தனை நாள் இருக்க ஏலும். மேல் அறைக்குத் துவைத்த விரிப்புப் போட்டிருக்கிறேன், கோசிகாவின் மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். வெளிக்கிடும்போது குக்கரில் நாலு பேருக்கும் அரிசி போட்டுவிட்டுத்தான் வந்தேன்.